மர்பி டவுன் வீட்டில் காந்தாவுக்கு ஒரு பங்கு

முனிகிருஷ்ணனும் அவன் தங்கை காந்தாவும் போட்ட சண்டையை மர்பி டவுனில் எங்கள் தெரு பத்து வருஷம் கேட்டது. நான் எதிர்வீட்டுக்காரி. காந்தாவோடு ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். அதனால் நான் அவள் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன். காந்தாவுக்குப் பிடிக்காததும் இதில் வரும்.

அந்த வீடு அவர்கள் பாட்டன் காலத்தது. அவர் பட்டாளத்துக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் ஆட்சியில் கிடைத்த மனையில் ஒரே ஒரு அறை போட்டுவிட்டுச் செத்துப்போனார். அவர் மகன் கோவிந்தப்பா, இவர்கள் அப்பா, கொத்து மேஸ்திரி. வெளியே வேலை இல்லாத நாளெல்லாம் தன் வீட்டையே கட்டிக்கொண்டிருப்பார். அப்படியே முன்னால் ஒரு ஹால், உள்ளே இரண்டு அறை, சமையலறை, பின்னால் கொல்லை, கொல்லையில் ஓடு போட்ட ஒரு தனி ரூம் என்று அது வளர்ந்தது. எங்கள் வரிசையில் வீட்டுக் கொல்லையிலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது அவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் தெரு நல்லியில் குடத்தோடு நிற்கிறவர்கள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் காந்தாவைக் கோலார் தங்கவயலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பெயர் சம்பங்கி, சுரங்கத்தில் வேலை. மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஐம்பத்தொன்றில் அவன் இன்னொருத்திக்கு மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக் கூட்டிவந்து, காந்தாவின் டிரங்குப் பெட்டியைத் தெருவில் எடுத்து வைத்தான். விஷயம் தெரிந்ததும் முனிகிருஷ்ணன் லாரி டிப்போவில் லீவுகூடச் சொல்லாமல் ரயிலேறிப் போனான். சம்பங்கியை அவன் வீட்டு வாசலிலேயே வைத்து அடித்தான். தங்கையின் பெட்டியைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். அந்த அண்ணனை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோவிந்தப்பா மகளுக்குக் கொல்லை ரூமைக் கொடுத்தார். அடுத்த வருஷம் அவளும் நானும் டெலிபோன் ஃபேக்டரியில் சேர்ந்தோம். மயிரிழை மாதிரி செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் வேலை. காந்தாவுக்குக் கை நிதானம் ஜாஸ்தி. ஒரு சுருள்கூடத் திரும்பி வராது. சம்பளத்தில் அண்ணன் மகள் நாகுவுக்கு ரிப்பன், சிலேட்டு, பள்ளிக்கூட ஷூ எல்லாம் அவள்தான் வாங்குவாள். நாகு அத்தை மடியில்தான் தூங்கும். முனிகிருஷ்ணனின் மனைவி சரசு சந்தாபுராக்காரி. நாத்தனார் அந்த வீட்டில் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றாலும், மாமனார் உயிரோடு இருந்தவரை பாத்திரத்தை ஓங்கி வைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஐம்பத்தேழில் கோவிந்தப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவர் மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். உயில் எதுவும் எழுதவில்லை. கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முனிகிருஷ்ணன் ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்து காந்தாவின் முன்னால் வைத்தான்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு காந்தா."

"இன்னா இது?"

"ஒண்ணுமில்ல. வூட்டை எம் பேருக்கு மாத்தணும். உனக்குப் பாத்தியதை இல்லேன்னு எழுதியிருக்கு. சும்மா பேருக்கு."

"பாத்தியதை இல்லேன்னா என்கிட்ட ஏன் கையெழுத்து கேக்குற?"

ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது. சரசு சமையலறை வாசலிலிருந்து, "கட்டிக் குடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, திரும்பி வந்து ஆறு வருஷம் உக்காந்தும் சாப்ட்டாச்சு. இன்னும் இன்னா வேணுமாம்?" என்றாள்.

"உக்காந்து சாப்பிடல அண்ணி. காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சுப் போயி சம்பாதிச்சுக் குடுத்துச் சாப்ட்டேன்" என்றாள் காந்தா. தாளைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

முனிகிருஷ்ணனுக்கு வீட்டை விற்க வேண்டும். ஒரு மரவாடிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். விற்றுவிட்டுச் சந்தாபுராவில் மாமனார் ஊரோடு போய் ஒரு லாரி வாங்கி ஓட்ட வேண்டும் என்று சரசு சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மரவாடிக்காரர் விவரமானவர். தங்கச்சி கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

எங்கள் பிரிவு மேஸ்திரி மதலைமுத்து யூனியன்காரர். அவர்தான் காந்தாவை வக்கீல் ஆராவமுதனிடம் அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். ஆராவமுதன் காகிதக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"உனக்குப் பங்கு இருக்கும்மா. ஆனா குடியிருக்கிற வீட்டைப் பிரிச்சுக் குடுன்னு நீயா கேக்க முடியாது. ஆம்பளை வாரிசு பிரிக்கிறேன்னு சொன்னாத்தான். அதுவரைக்கும் அங்க இருக்கலாம். புருஷன் தள்ளிவச்சவளுக்கு, பிரிஞ்சு இருக்கிறவளுக்கு அந்த உரிமை உண்டு. நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வெளில வராதே."

காந்தா வெளியே வரவில்லை. சமையலறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அவள் தன் ரூமில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துக்கொண்டாள். கொல்லைக் குழாயைச் சுற்றி மரப்பெட்டி அடித்து, அதற்கும் பூட்டுப் போட்டார்கள். ஒரு வாரம் எங்களோடு தெரு நல்லியில் நின்றாள். எட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பார்க்க, அம்மிக் குழவியால் அந்தப் பெட்டியை உடைத்துப் போட்டுத் தண்ணீர் பிடித்தாள். சரசு மீன் கழுவிய தண்ணீரை அவள் ரூம் வாசலில் கொட்டினாள். நாகுவை அத்தை ரூம் பக்கம் போகக் கூடாது என்று அடித்தார்கள். அந்தக் குழந்தையும் கொஞ்ச நாளில் அத்தையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டது.

காந்தா மட்டும் சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். கக்கூஸ் சுத்தம் செய்ய வருகிறவர் பின்சந்து வழியாகத்தான் வர வேண்டும். பின்சந்துக் கதவின் தாழ்ப்பாள் காந்தாவின் ரூமை ஒட்டி இருந்தது. அதற்கு ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு வந்துவிட்டாள். நான்கு நாள். சரசு தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "உனக்கும் அதே கக்கூஸ்தானே?" என்று நான் பஸ்ஸில் கேட்டேன். "எனக்கு ஃபேக்டரில இருக்கு" என்றாள்.

ஐம்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துவீட்டுக்காரர்கள் எல்லாரையும் கூப்பிடுகிறான் முனிகிருஷ்ணன். போய்ப் பார்த்தால் ஹாலில் நாற்காலியில் சம்பங்கி உட்கார்ந்திருக்கிறான். சலவை வேட்டி, பவுடர் பூசிய முகம், மடியில் ஒரு புதுச் சேலையும் பூவும். ஏழு வருஷத்துக்கு முன்னால் யாரை அடித்தானோ அவனைத் தானே போய் அழைத்து வந்திருந்தான் முனிகிருஷ்ணன்.

"எல்லாரும் சாட்சி. புருஷன் வந்து கூப்பிடுறாரு. காந்தா, கிளம்பு."

காந்தா கொல்லைப்பக்க வாசற்படியிலேயே நின்றாள். சம்பங்கியைத்தான் கேட்டாள்.

"அவ இருக்காளா?"

"இருக்கா. அவபாட்டுக்கு அவ இருப்பா. உனக்கின்னா?"

"எத்தனை புள்ளைங்க?"

"மூணு."

"அந்த மூணுக்கும் சோறு பொங்க ஆள் வேணுமா?"

முனிகிருஷ்ணன் குறுக்கே புகுந்தான். "கதையெல்லாம் வேணாம். புருஷன் கூப்ட்டும் போகலேன்னா நீயா வுட்டுட்டு வந்தவன்னு ஆயிடும். அப்புறம் இந்த வூட்டுல உனக்கு ஒரு ஓடுகூடக் கெடையாது. வக்கீலைக் கேட்டுட்டுத்தான் பேசுறேன்."

அந்த வக்கீல் யாரோ தெரியாது. காந்தா சிரித்த மாதிரி இருந்தது. "பிரிஞ்சு இருக்கிறவளுக்கும் உரிமை இருக்கு. நானும் வக்கீலைக் கேட்டுட்டுத்தான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் தங்கிச் சமாதானம் பண்ணிக் கூட்டிப்போங்க மச்சான் என்று முனிகிருஷ்ணன் சம்பங்கியை ஹாலில் படுக்க வைத்தான். சரசு கோழி அடித்துப் போட்டாள். மூன்றாவது நாள் சாராயக்கடையில் யாரோ சம்பங்கியிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்கள், உன் பெண்டாட்டிக்கு அந்த வீட்டில் பங்கு இருக்கிறது, கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள், அதற்காகத்தான் உன்னைக் கூட்டிவந்திருக்கிறான் என்று. சம்பங்கிக்கு அதுவரை எதுவும் தெரியாது. பழைய மச்சான் மனசு மாறி மரியாதை செய்கிறான் என்றே நினைத்திருந்தான்.

மறுநாள் காலையில் அவன் வீட்டைச் சுற்றிக் காலடி வைத்து அளந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். அளந்து முடித்துவிட்டு, பல் துலக்கிக்கொண்டிருந்த முனிகிருஷ்ணனிடம் கேட்டான்.

"மச்சான், எம் பொண்டாட்டி பங்கு இதுல எந்தப் பக்கம் வருது?"

அதற்குப் பிறகு அவன் கோலார் பேச்சையே எடுக்கவில்லை. ஹால் கட்டில் அவனுக்கு ஆயிற்று. சோறு வர நேரமானால் சரசுவைப் பெயர் சொல்லிக் கத்துவான். காந்தாவின் சம்பள நாளன்று ஃபேக்டரி கேட்டில் வந்து நின்றான். மதலைமுத்துவும் இன்னும் நாலு பேரும் அவனைத் துரத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது ரூம் பூட்டு உடைந்திருந்தது. அவன் அவள் பாயில் படுத்திருந்தான். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது.

"புருஷன் பொண்டாட்டி ரூம்ல படுத்தா எவன் கேப்பான்?" என்றான்.

காந்தா ஸ்டவ்வைத் தூக்கி அவன் மேல் வீசினாள். அது அணைந்த ஸ்டவ். அவன் நெற்றி கிழிந்தது. அவன் எழுந்திருப்பதற்குள் அவள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். வக்கீல் எதைச் செய்யாதே என்றாரோ அது நடந்துவிட்டது. இரண்டு மாதம் என்னோடு இருந்தாள். எதிரே அவள் வீட்டில் அவள் தவிர எல்லாரும் இருந்தார்கள்.

ஆனால் முனிகிருஷ்ணனுக்கும் அதில் சந்தோஷம் இல்லை. தங்கை வெளியே போனாள், மச்சான் உள்ளே உட்கார்ந்துவிட்டான். வெளியே போ என்றதற்கு சம்பங்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மனைவி வீட்டில் இருக்கிற மருமகனை மிரட்டுகிறார்கள் என்று எழுதிக்கொடுத்தான். வந்த போலீஸ்காரர், "நீதானே ஊரைக் கூட்டி அழைச்சுட்டு வந்தே? குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்க" என்று முனிகிருஷ்ணனையே திட்டிவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வாரம் சம்பங்கி, கோலாரிலிருந்து பிள்ளைகளையும் அவர்கள் தாயையும் அழைத்து வரப்போவதாகச் சொன்னான். சரசு நாகுவைக் கூட்டிக்கொண்டு சந்தாபுராவுக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் முனிகிருஷ்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, என்னிடம் சொல்வது போல அவளுக்குச் சொன்னான்.

"அவனை வெளியேத்தணும். அவளால மட்டும்தான் முடியும்னு வக்கீல் சொல்றாரு."

காந்தா உள்ளிருந்தே கேட்டாள். "கூட்டியாந்தது யாரு?"

"நான்தான். இப்ப இன்னாங்குற?"

"விவாகரத்துக்குப் போடுறேன். ரெண்டாவது தாலி கட்டுனதுக்குச் சாட்சி வேணும். அன்னிக்கு நேர்ல போயி அவ கழுத்துத் தாலியைப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். கூண்டுல ஏறிச் சொல்லுவியா?"

"சொல்றேன். அவன் தொலைஞ்சாப் போதும்" என்றான்.

கேஸ் ஐம்பத்தொன்பதில் விசாரணைக்கு வந்தது. காந்தாவுக்கு ஆராவமுதன். முனிகிருஷ்ணன் கூண்டில் ஏறி, கோலாரில் பார்த்ததைச் சரியாகவே சொன்னான். கோயில் பெயர், அந்தப் பெண்ணின் பெயர், தெருவில் கிடந்த பெட்டி எல்லாம் சொன்னான். பிறகு சம்பங்கியின் வக்கீல் எழுந்தார்.

"சரி. அவ்வளவு கெட்டவரை நீங்களே ஏன் போய் வீட்டுக்கு அழைச்சுட்டு வந்தீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே அடுத்ததையும் கேட்டார்.

"தங்கச்சி பங்கைச் சாப்பிடணும், அதனாலே அவளைப் புருஷனோட அனுப்பப் பாத்தீங்க. அவர் பங்கைக் கேட்டதும் இப்ப பொய்ச்சாட்சி சொல்றீங்க. அதானே?"

நான் பின்வரிசையில் இருந்தேன். முனிகிருஷ்ணன் திரும்பிச் சம்பங்கியைப் பார்த்தது தெரிந்தது. உண்மையை ஒத்துக்கொண்டால் சாட்சி கெட்டுவிடும், சம்பங்கி ஹாலிலேயே கிடப்பான்.

"இல்ல சார். எவன் சொன்னது? அவ பங்கை யாரும் புடுங்கல. அது எங்க பாட்டன் வூடு. எனக்கு எப்படியோ அவளுக்கும் அப்படித்தான். இவன் அடிச்சுத் தொரத்துன நாள்லேர்ந்து அவ அங்கதான் இருக்கா. உசிரு இருக்கிற வரைக்கும் இருப்பா."

ஜட்ஜ் எழுதிக்கொண்டார். ஆராவமுதன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

விவாகரத்து கிடைத்தது. சம்பங்கி போகும்போது கோவிந்தப்பாவின் பித்தளை அண்டாவையும் சுவர்க்கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு போனான். யாரும் தடுக்கவில்லை. காந்தா தன் ரூமைக் கழுவிவிட்டு, ஒரு புது ஸ்டவ் வாங்கிக்கொண்டு குடிபுகுந்தாள். சரசுவும் நாகுவும் திரும்பி வந்தார்கள். ஒரு வாரம் அந்த வீட்டில் சத்தமே கேட்கவில்லை. சமாதானம் ஆகிவிட்டதோ என்றுகூட நான் நினைத்தேன்.

எட்டாவது நாள் முனிகிருஷ்ணன் புது முத்திரைத்தாளோடு கொல்லைக்குப் போனான்.

"உனக்காகக் கோர்ட்ல நின்னேன். ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுது. இப்ப நீ இதுல போடு."

காந்தா தலையணைக்கடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். கோர்ட் முத்திரை போட்ட நகல். அவன் சாட்சியம் முழுதும் அதில் இருந்தது. ஆராவமுதன் வாங்கிக்கொடுத்தது.

"உசிரு இருக்கிற வரைக்கும் இருப்பான்னு நீதானே சொன்ன. சத்தியம் பண்ணிச் சொன்ன" என்றாள்.

அவன் அவளை அடிக்கக் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. அதற்கப்புறம் சாகும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அறுபத்து மூன்றில் நாகுவுக்கு வரன் வந்தது. நல்ல இடம், பையனுக்கு ரயில்வேயில் வேலை. கையில் ஒன்றுமில்லை என்று முனிகிருஷ்ணன் மறுபடியும் வீட்டை விற்கப் பார்த்தான். இந்த முறை ஏமாற்றவில்லை. ஆராவமுதன் மூலமாகவே சொல்லி அனுப்பினான், சரிபாதி எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஆராவமுதனே ஒத்துக்கொள் என்றார். நானும் சொன்னேன்.

"பாதியை வச்சுக்கிட்டு எங்க போவேன்?" என்று காந்தா என்னைக் கேட்டாள். "புருஷனைக் கோர்ட்ல தீத்துட்டுத் தனியா இருக்கிறவளுக்கு எந்தத் தெருவுல வூடு தருவாங்க? நீயே சொல்லு."

அது பொய்யில்லை. ஆனால் முழு நிஜமும் இல்லை. அண்ணன் அந்த வீட்டை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. நகலை எடுத்துக் காட்டியதை என்னிடம் சொன்ன நாளிலும் இதே முகம்தான்.

கோர்ட்டில் போட்டுப் பிரித்து வாங்க வருஷக்கணக்கில் ஆகும். அந்த வரன் கைவிட்டுப்போயிற்று. அடுத்த வருஷம் தொம்மலூரில் மனைவி செத்துப்போன ஒருவனுக்கு நாகுவைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் நாகு கொல்லைக்கு வந்தாள். பல வருஷத்துக்கப்புறம் அத்தையோடு பேசினாள்.

"ஒரு கையெழுத்து அத்தே. ஒண்ணே ஒண்ணு. நீ நல்லா இருப்பியா?"

காந்தா ஒரு ஜோடி கம்மலை நீட்டினாள். நாகு அதைத் துணி துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இதைக் காந்தாவே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. கம்மலை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் முனிகிருஷ்ணனும் சரசுவும் சந்தாபுராவுக்குக் குடிபோனார்கள். முன்பக்கத்தை ஓஸ்வால்ட் என்கிற பேக்கரிக்காரருக்கு வாடகைக்கு விட்டார்கள். மாதம் பிறந்தால் முனிகிருஷ்ணன் வருவான். தெருவிலேயே நின்று ஓஸ்வால்டைக் கூப்பிடுவான். வீட்டுக்குள் காலை வைக்க மாட்டான். அந்த நேரம் காந்தா ஹாலைத் தாண்டி வெளியே போனால், அவன் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பான். அவளும் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே போவாள்.

அறுபத்தேழு மார்கழியில் அவன் மார்வலியில் இறந்துபோனான். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஓஸ்வால்டுக்கு வேறு யார் மூலமாகவோ தெரிந்து வந்து சொன்னார். காந்தா சேலை மாற்றிக்கொண்டு வந்து, "வரியா?" என்றாள். இரண்டு பஸ் மாறிச் சந்தாபுரா போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சரசு எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இன்னா, செத்துட்டானா இல்லையான்னு பாக்க வந்தியா? இல்ல, பொணத்துக் கைநாட்டு ஏதாச்சும் வேணுமா?"

"மொகத்தைப் பாத்துட்டுப் போயிடுறேன் அண்ணி."

"எட்டு வருஷம் அந்த மொகம் உன்னைப் பாக்கலியே. இப்ப மட்டும் எதுக்கு?"

உள்ளே நாகு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. சரசுவின் தம்பிகள் இரண்டு பேர் வந்து வாசலை மறித்து நின்றார்கள். காந்தா எதிர்ப்பக்கப் புளியமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டாள். பாடை வெளியே வந்தபோது கூட்டத்துக்கு நடுவில் கால் மட்டும்தான் தெரிந்தது. தூக்கிக்கொண்டு போய் வளைவு திரும்பும்வரை நின்றாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

பஸ்ஸில், "அன்னிக்குக் கோலார் ஸ்டேஷன்ல எனக்கு டீ வாங்கிக் குடுத்தான். அவன் குடிக்கல, கையில ரெண்டு பேர் டிக்கெட்டுக்குத்தான் இருந்துச்சு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அதுக்காக நான் பண்ணது தப்புன்னு சொல்லாத" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து, வீட்டைப் பிரிக்கக் கேட்டுச் சரசுவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. காந்தா அதைப் பஸ்ஸில் முழுக்கப் படித்தாள். ஃபேக்டரியில் இறங்கியதும் மதலைமுத்துவிடம் போய், ஆராவமுதனைப் பார்க்க வேண்டும் என்று அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, தன் மெஷினில் உட்கார்ந்து கம்பியைக் கோத்தாள்.